காசு கொடுத்து வாங்கிய கேமில் கை வைக்கக் கூடாதா?

2025 ஜூன் 7, மாலை – வாசகர் ஒருவரின் கேள்வி

மாட், அதாவது வெளியான கேமை ரசிகர்களே மாற்றிச் செய்யும் கோப்பு. அதைச் செய்கிறவர்களுக்கு ஆதரவாகவே எல்லாரும் பேசுகிறீர்கள். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்துவிட்டு, வீட்டுக்காரர் வந்து பிடுங்கினால் அழுவது என்ன நியாயம்? கேம் உங்களுடையது இல்லை. விளையாட அனுமதி மட்டும்தான் வாங்கியிருக்கிறீர்கள். வெளியீட்டாளர் தடுத்தால் நியாயம் அவர் பக்கம்தான். மறுக்க முடிந்தால் மறுங்கள்.

ஜூன் 7, இரவு 11.20

மறுக்கிறேன். உங்கள் ஆணியையே எடுத்துக்கொள்வோம். பல வீடுகளில் வீட்டுக்காரரே ஆணியையும் சுத்தியலையும் கையில் கொடுத்துத்தான் குடிவைத்தார்.

ஐடி சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 1992-இல் செய்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி கேமை மாற்ற நினைத்த ரசிகர்கள் மூலக் கோப்புகளின் மேலேயே எழுத வேண்டியிருந்தது. மாற்றினால் பழையது போச்சு. அவர்கள் அப்படிச் சிரமப்பட்டதைப் பார்த்துத்தான் ஐடியின் தலைமை புரோகிராமர் ஜான் கார்மக், 1993 டிசம்பரில் வந்த டூம் கேமில், கேமை ஓட்டும் நிரலான என்ஜினைத் தனியாகவும், படம், ஒலி, லெவல் எல்லாவற்றையும் ‘வாட்’ என்ற கோப்பில் தனியாகவும் வைத்தார். நீங்கள் செய்த வாட் கோப்பைக் கூடவே கொடுத்தால் போதும், என்ஜின் அதையும் எடுத்துக்கொள்ளும். மூலக் கோப்பில் ஒரு பைட் கூட மாறாது.

ஐடி கேட்டுக்கொண்டது, இலவசமாகச் சுற்றிய மாதிரிப் பதிப்பில் மாட் ஓடக் கூடாது, வாங்கியவர்களிடம் மட்டும்தான் ஓட வேண்டும் என்பது. எவ்வளவு தெளிவான ஏற்பாடு! மாட் வேண்டுமா, கேமை வாங்கு. 1996-இல் ஃபைனல் டூம் என்று கடையில் விற்றது கூட பெரும்பாலும் ரசிகர்கள் உருவாக்கிய லெவல்கள்தான்.

ஜூன் 8, காலை

நேற்று விட்டுப்போனது: கவுன்ட்டர்-ஸ்ட்ரைக். வால்வ் நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் கேம் 1998-இல் வந்தது. அடுத்த ஆண்டே மின் லீயும் ஜெஸ் கிளிஃபும் சேர்ந்து அதன் மேல் ஒரு மாட் செய்தார்கள். 2000-இல் வால்வ் நிறுவனம் அதை வாங்கிக் கடைக்குக் கொண்டுவந்தது. டீம் ஃபோர்ட்ரஸும் முதலில் குவேக் என்ற கேமுக்கு வந்த மாட்தான். பெதஸ்டா நிறுவனம் 2002-இல் மாரோவிண்ட் கேமை விற்றபோது, அதன் உலகத்தைத் தாங்கள் கட்டிய எடிட்டர் மென்பொருளையே கூடச் சேர்த்துக் கொடுத்தது.

இவர்களெல்லாம் ஆணி அடித்தவர்களா?

ஜூன் 8, இரவு

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியாது.

என் அண்ணனுக்கு விழித்திரையில் கோளாறு. பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. அவருக்குப் பிடித்தது ஒரு ரோல்-பிளேயிங் கேம். சண்டை குறைவு, வாசிக்க நிறைய. பெட்டிக்குள் கடிதம் கிடைக்கும், டைரி கிடைக்கும், அதை வைத்துத்தான் கதை நகரும். எழுத்தோ எறும்பு அளவு. மெனுவில் பெரிதாக்க வழியே இல்லை. வெளியீட்டாளருக்கு மூன்று மெயில் போட்டேன். பதில் இல்லை.

2021-இல் நானே இறங்கினேன். அந்த கேமில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு குட்டிப் படம். எல்லா எழுத்துப் படங்களும் ஒரே பெரிய தாளில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். எந்த எழுத்து தாளில் எங்கே, எவ்வளவு அகலம் என்று பக்கத்தில் ஒரு அட்டவணை. அப்படியே இழுத்துப் பெரிதாக்கினால் மங்கிப்போகும், அண்ணனுக்கு அது முன்பைவிட மோசம். அதனால் தாளையே பெரிய அளவில் புதிதாக உருவாக்கி, அட்டவணையைத் திருத்தினேன். அப்புறம் வசனம் பெட்டிக்கு வெளியே வழிந்தது. பெட்டியின் அளவைச் சொல்லும் கோப்பைத் தேடிப் பிடித்து மாற்றினேன். அடுத்து கடிதங்களின் பக்கங்கள் பாதியில் வெட்டுப்பட்டன. நான்கு மாதம், வேலை முடிந்து வந்த ராத்திரிகள் எல்லாம் அதிலேயே போயின.

முடித்து வெளியிட்டேன். யாரென்றே தெரியாத பலர், அம்மாவுக்காக, தாத்தாவுக்காக என்று எழுதினார்கள். 2023-இல் ஒரு நாள், வெளியீட்டாளரின் புகாரின்பேரில் மாட் நீக்கப்பட்டது என்று ஒற்றை வரி மெயில் வந்தது. காரணம் கிடையாது, யாரிடம் கேட்பது என்றும் கிடையாது.

அதனால்தான் மறுக்கிறேன்.

ஜூன் 10

“சட்டம் என்ன சொல்கிறது?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர். வரி வரியாக நாமே எழுதிய லெவலில் நிறுவனத்தின் பொருள் எதுவும் இல்லை, அது நம்முடையதுதானே என்று ரொம்ப நாளாக நம்பியிருந்தேன். நேற்று முழுக்கப் படித்த பிறகு, அந்த நம்பிக்கை தவறு என்று எழுத வேண்டியிருக்கிறது.

டியூக் நியூகெம் 3டி-யிலும் லெவல் எடிட்டர் உண்டு. ரசிகர்கள் செய்த 300 லெவல்களை எடுத்து மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் சிடியில் போட்டு விற்றது. வெளியீட்டாளரான ஃபார்ம்ஜெனுக்கும் அதற்கும் நடந்த வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பு சொன்னது. லெவல் கோப்பில் ஒரு படம் கூட இல்லை, ‘இங்கே இந்தச் சுவர், அங்கே அந்த எதிரி’ என்ற குறிப்பு மட்டும்தான். ஆனாலும் அது டியூக்கின் கதைக்குத் தொடர்ச்சி எழுதுகிறது, எனவே மூலப் படைப்பிலிருந்து பிறந்த படைப்பு, அதற்கு மூல உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்றது நீதிமன்றம். ரசிகர்கள் இலவசமாகப் பகிர நிறுவனமே அனுமதித்திருந்தது. அந்த அனுமதி விற்பனைக்குச் செல்லாது.

இதே நீதிமன்றம் 1992-இல் வேறு மாதிரிச் சொல்லியிருந்தது. நின்டெண்டோ கார்ட்ரிட்ஜுக்கும் கன்சோலுக்கும் நடுவே செருகும் கேம் ஜீனி என்ற கருவி, ஓடும்போது சில மதிப்புகளை மாற்றி உயிர்களைக் கூட்டும். அதைத் தடுக்க நின்டெண்டோ போட்ட வழக்கு தோற்றது. எதையும் நிலையாகப் பதிந்து வைக்கவில்லை, வாங்கியவர் தன் வீட்டில் தன் விருப்பத்துக்கு ஆடுகிறார், அவ்வளவுதான் என்று முடிந்தது.

ஆக, ஓடும்போது மாற்றினால் ஒன்று, கோப்பாகச் செய்து பகிர்ந்தால் வேறு. கேள்வி கேட்ட நண்பருக்கு இதில் பாதி நியாயம் கொடுக்கத்தான் வேண்டும். சட்டப்படி பெரும்பாலான மாட்கள் நிறுவனத்தின் தயவில்தான் வாழ்கின்றன.

ஜூன் 10, சற்றுப் பிறகு

‘தயவு’ என்று எழுதியபோதே உறுத்தியது. இந்தச் சண்டை முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பத்து வருடம் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஒருவன் தன் ராத்திரிகளைக் கொடுக்கிறான். பதினோராவது வருடம் வக்கீல் நோட்டீஸ். முதல் நாளே ‘கூடாது’ என்று சொல்லியிருந்தால் அவன் வேறு வேலை பார்த்திருப்பான்.

ஜூன் 11

அதற்கு நல்ல உதாரணம் ஓபன்ஐவி. ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கேம்களின் கோப்புகளைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் உதவும் கருவி. ஜிடிஏ 4 காலத்திலிருந்தே இருக்கிறது, ஜிடிஏ 5-இல் தனியாக ஆடுபவர்களின் மாட்களில் பெரும்பகுதி அதை நம்பித்தான் இருந்தது. 2017 ஜூனில் ஜிடிஏவின் உரிமையாளரான டேக்-டூ நிறுவனம் அதற்கு நோட்டீஸ் அனுப்பியது. செய்தவர்கள் கருவியை நிறுத்தினார்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஜிடிஏ 5-க்கு எதிர்மறை விமர்சனங்கள் மலையாகக் குவிந்தன.

அந்த மாதமே, ஜிடிஏவை உருவாக்கும் டேக்-டூவின் கிளை நிறுவனமான ராக்ஸ்டார் ஒரு அறிக்கை விட்டது. தனியாக ஆடும் மாட், காசு வாங்காதது, மற்றவர் பதிப்புரிமையை மதிப்பது என்றால் டேக்-டூ பொதுவாக நடவடிக்கை எடுக்காது என்று அதில் இருந்தது. ஓபன்ஐவி திரும்பி வந்தது. இந்த மூன்று வரியை ஜிடிஏ 4 வந்த 2008-இலேயே எழுதியிருக்கலாமே? நோட்டீஸ், கலவரம், அப்புறம்தான் விதி. வரிசை தலைகீழ்.

விதி வந்த பிறகும் நிம்மதி இல்லை. 2021-இல் ஜிடிஏ 3, வைஸ் சிட்டி இரண்டின் மூலநிரலையும் கேம் கோப்பைப் பிரித்து ஆராய்ந்து சிலர் மறுபடி எழுதி வெளியிட்டார்கள். விளையாட அசல் கேம் கையில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் நீக்கக் கோரிக்கை, செப்டம்பரில் வழக்கு. நவம்பரில் அதே கேம்களின் புதுப்பித்த பதிப்பு விற்பனைக்கு வந்தது. முதல் நாளிலேயே அதில் இருந்த கோளாறுகள் ஊரறிந்தவை; ராக்ஸ்டாரே மன்னிப்புக் கேட்டு, விற்பனையிலிருந்து எடுத்திருந்த பழைய பதிப்புகளை மறுபடி கொண்டுவந்தது.

ஜூன் 11, இரவு

டேக்-டூவின் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதையும் சொல்லாவிட்டால் ஒருபக்கமாகிவிடும். ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ் கேமில் கைவிடப்பட்ட ஒரு பாலியல் காட்சி வட்டிலேயே மறைந்து கிடந்தது. 2005-இல் ஒரு மாட் அதைத் திறந்துவிட்டது. கேமின் வயதுத் தரம் பெரியவர்களுக்கு மட்டும் என்று மாறி, பெரிய கடைகள் விற்பனையை நிறுத்தின. வட்டில் வைத்தது நிறுவனம்தான். இருந்தாலும் அந்த அடிக்குப் பிறகு ‘மாட்’ என்ற சொல்லைக் கேட்டாலே அவர்களுடைய சட்டப் பிரிவுக்கு என்ன தோன்றும் என்பதை ஊகிக்கலாம்.

ஜூன் 14

மல்டிபிளேயர், அதாவது இணையத்தில் பலர் சேர்ந்து ஆடுவது பற்றிக் கேட்டவர்களுக்கு. இதில் நான் நிறுவனங்களின் பக்கம். அடுத்தவர் ஆட்டத்தைக் கெடுக்கும் கோப்புக்கு ‘மாட்’ என்று பெயர் வைத்தால் அது மாட் ஆகிவிடாது.

ஆனால் இந்த நியாயமான பயத்தைச் சாக்காக வைத்து எல்லாவற்றையும் அள்ளுவது நடக்கிறது. 2023-இல் காப்காம் தன் டெவலப்பர்களுக்கான ஒரு உரையில், நிறுவனமே ஆதரிக்கும் மாட்கள் தவிர மற்ற எல்லாவற்றையும் சீட்டிங் என்றே வகைப்படுத்தியது. பெரும்பாலான மாட்கள் கேமுக்கு நல்லது செய்யலாம் என்று அதே உரையில் ஒப்புக்கொள்ளவும் செய்தது. 2024 ஜனவரியில் ரெசிடெண்ட் ஈவில் ரெவலேஷன்ஸ் என்ற பழைய கேமுக்குப் புதிதாகப் பூட்டுப் போட்டு ஒரு அப்டேட் விட்டார்கள். மாட்கள் உடைந்ததாகவும் கேமே திணறியதாகவும் புகார் வந்து, அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள்.

ஜூன் 15

வெளியாட்கள் கேமுக்குள் நுழைந்து பார்ப்பதால் நிறுவனத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

ஜிடிஏ ஆன்லைன் லோட் ஆக நிமிடக்கணக்கில் ஆகும், வருடக்கணக்காக எல்லாரும் சகித்துக்கொண்டிருந்தார்கள். 2021 பிப்ரவரியில் ஒருவர் உட்கார்ந்து ஆராய்ந்தார். கேம் தொடங்கும்போது சுமார் 10 மெகாபைட் அளவில் ஒரு பட்டியலைப் படிக்கிறது. கடையில் விற்கும் பொருள்கள், ஏறக்குறைய 63,000. ஒவ்வொரு மதிப்பைப் படிக்கும்போதும் மீதி உரை எவ்வளவு நீளம் என்று கடைசி வரை எண்ணிப் பார்க்கிறது. அப்புறம் ஒவ்வொரு பொருளையும் சேர்ப்பதற்கு முன், ஏற்கெனவே இருக்கிறதா என்று அதுவரை சேர்த்த எல்லாவற்றோடும் ஒப்பிடுகிறது. இரண்டையும் சரிசெய்தார், அவருடைய கணினியில் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டது.

ராக்ஸ்டார் அதை ஏற்று மார்ச்சில் அதிகாரபூர்வ பேட்ச் விட்டது, அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது. இப்படியும் நடந்துகொள்ள முடிகிறது, அதே நிறுவனத்தால், அதே ஆண்டில்.

டார்க் சோல்ஸும் நினைவுக்கு வருகிறது. 2012-இல் கணினிக்கு வந்தபோது, திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே 1024×720 பிக்சலில்தான் வரைந்தது. வெளியான அன்றே ஒரு ரசிகர் மாட் அதைச் சரிசெய்தது. அந்த மாட் இல்லாமல் கணினியில் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன் என்று அன்றைக்குப் பலரும் சொன்னார்கள், நானும் அதில் ஒருவன்.

ஜூன் 19

காசு விஷயம். 2015 ஏப்ரல் 23 அன்று ஸ்டீமை நடத்தும் வால்வும் ஸ்கைரிம் கேமைச் செய்த பெதஸ்டாவும் சேர்ந்து ஸ்கைரிம் மாட்களை ஸ்டீமில் விற்க வழி திறந்தன. ஏப்ரல் 27-ஆம் தேதி மூடிவிட்டன. மாட் செய்தவருக்கு 25 சதவீதம், மீதி 75-ஐ இரண்டு நிறுவனங்களும் பிரித்துக்கொள்ளும்.

அப்போது நானும் எதிர்த்துக் கத்தினேன். மாட் என்றால் இலவசம், அதில் காசு கலந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று. இப்போது அதே உறுதியோடு சொல்ல முடியவில்லை. நான்கு மாதம் உழைத்தவனுக்குக் காசு வேண்டாம் என்று நான் ஏன் முடிவு செய்ய வேண்டும்? எனக்கு வேண்டாம், அது என் விஷயம். வேலை இல்லாமல் இருந்து இதே அளவு உழைப்பவர் என்னைப் போலச் சொல்ல முடியுமா?

அன்றைய ஏற்பாட்டில் நிஜமான ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. ஒரு மாட் இன்னொன்றின் தோளில் நிற்கும். முதலில் விற்பனைக்கு வந்தவற்றில் ஒரு மீன்பிடி மாட் இருந்தது, அது வேறொருவர் இலவசமாகக் கொடுத்த அனிமேஷன் மாட்டை நம்பியிருந்தது. அந்த அனிமேஷனைச் செய்தவர் தன்னைக் கேட்கவில்லை என்றார், மீன்பிடி மாட் விலக்கப்பட்டது. இருபது வருடம் கைமாற்றாகக் கொடுத்து வாங்கிய ஊரில் திடீரென்று பத்திரம் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

ஜூன் 20

நேற்று எழுதியதைப் படித்ததும் என் மாட்டின் ஜிப் கோப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு வருடமாகத் தவிர்த்த வேலை.

அந்த ஜிப்பில் என் திருத்தங்கள் மட்டும் இல்லை. பெட்டிகளின் அளவைச் சொல்லும், நிறுவனத்தின் லேஅவுட் கோப்பு முழுசாக இருக்கிறது, அதில் பத்து வரிதான் என்னுடையது. எழுத்துத் தாள் நான் உருவாக்கியதுதான். ஆனால் அந்த எழுத்துரு? கேம் நிறுவனம் அதை ஒரு எழுத்துரு நிறுவனத்திடம் உரிமம் பெற்றுப் பயன்படுத்துகிறது. மூன்றாம் நபரின் பொருளை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்திருக்கிறேன். கேம் நிறுவனம் நினைத்தாலும் எனக்கு அதை அனுமதிக்க முடியாது.

புகார் கொடுத்ததில் அவர்களுக்குக் காரணம் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஜூன் 8 குறிப்பை அழிக்கவில்லை, அந்தக் கோபமும் உண்மைதான். “அந்த எழுத்துருவை எடுத்துவிடு, மீதி பரவாயில்லை” என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒரே வாரத்தில் மாற்றியிருப்பேன்.

ஜூன் 22

மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். இனி கோப்பு எதையும் பகிரப் போவதில்லை. ஒரு ஸ்கிரிப்ட் மட்டும். ஆடுபவரின் கணினியில் ஏற்கெனவே இருக்கும் கேமைத் திறந்து, அங்கேயே தாளை உருவாக்கி, அங்கேயே அந்தப் பத்து வரியைத் திருத்தும். எழுத்துருவை, தாராளமாகப் பகிர உரிமம் உள்ள ஒன்றாக மாற்றிவிட்டேன். முன்பு இருந்ததைவிட இது தெளிவாகத் தெரிகிறது, ‘1’-உம் ‘l’-உம் குழம்புவதில்லை.

ஜூன் 27

“நின்டெண்டோ பற்றி ஏன் பேசவில்லை?” பேசினால் நிறுத்த மாட்டேன் என்பதால்தான். சுருக்கமாக: மெட்ராய்ட் 2-ஐ ஒரு ரசிகர் சுமார் பத்து வருடம் செதுக்கிப் புதிதாக உருவாக்கினார், ஏஎம்2ஆர் என்று பெயர். 2016 ஆகஸ்ட்டில், மெட்ராய்டின் 30-ஆம் ஆண்டில், இலவசமாக வெளியிட்டார். சில நாட்களில் நீக்கக் கோரிக்கை வந்தது. அடுத்த ஆண்டு நின்டெண்டோவே அந்தக் கேமின் மறுஆக்கத்தை விற்றது. தன் திட்டத்தோடு மோதியதால் தடுத்தது, அது புரிகிறது. அந்தப் பத்து வருடத்தில் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

செகா 2011-இல் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜின் ரசிகர் மறுஆக்கத்தை இதேபோல்தான் நிறுத்தியது. ஆனால் சானிக் விஷயத்தில் வேறு வழியைப் பிடித்தது. ரசிகராகத் தொடங்கித் தானே என்ஜின் எழுதிய கிறிஸ்டியன் வைட்ஹெட்டை அழைத்து வேலை கொடுத்தது. 2017-இல் சானிக் மேனியா வந்தது. பல வருடங்களில் வந்த சானிக் கேம்களிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

ஜூலை 3

எதிர்த் திசையிலும் ஒரு பயம் இருக்கிறது. மாட்டைத் தடுப்பதை விட்டுவிட்டு, அதை முழுசாகத் தனதாக்கிக்கொள்வது.

டோட்டா, வார்கிராஃப்ட் 3-இன் எடிட்டரில் ரசிகர்கள் கட்டிய ஒரு வரைபடம், அதாவது அந்தக் கேமுக்குள்ளேயே ஓடும் ஒரு புது ஆட்டம். 2003-இல் தொடங்கி, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறி வளர்ந்தது. கடைசியாக அதை வளர்த்தவரை வால்வ் வேலைக்கு எடுத்தது, பெயரையும் வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்தது. வார்கிராஃப்டைச் செய்த பிளிசார்ட் எதிர்த்தது. 2012 மே மாதம் சமரசம்: வணிகப் பயன்பாடு வால்வுக்கு, காசில்லாத ரசிகர் வரைபடங்கள் பிளிசார்டில் தொடரலாம். அந்தப் பெயரை முதன்முதலில் வைத்தவரும் நடுவில் வளர்த்தவர்களும் அந்த மேசையில் இல்லை.

2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்டு வந்தபோது பிளிசார்ட் புது விதி போட்டது. எடிட்டரில் நீங்கள் செய்யும் எந்தக் கேமும் முழுக்க முழுக்க பிளிசார்டுக்கே சொந்தம். இன்னொரு டோட்டாவைத் தவறவிடக் கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது. அந்த விதியைப் படித்த பிறகு ஒரு புத்திசாலி தன் சொந்த யோசனையை அங்கே கொண்டுபோய்க் கட்டுவானா?

ஜூன் 10-இல் ‘விதியை முன்பே சொன்னால் போதும்’ என்கிற தொனியில் எழுதியிருந்தேன். இங்கே முன்பேதான் சொன்னார்கள். போதாது. சொல்லும் விதி, உழைப்பவனுக்கு ஏதாவது மிச்சம் வைக்க வேண்டும்.

ஜூலை 12

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாத ஒரு அழிவு உண்டு, அது அப்டேட்.

ஸ்கைரிம், ஃபால்அவுட் 4 மாட்களில் பெரியவை ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற கருவியை நம்பியிருக்கின்றன. அது கேமின் முதன்மைக் கோப்புக்குள், இந்த முகவரியில் இந்தச் செயல்பாடு இருக்கும் என்று கணக்கு வைத்து நுழைகிறது. நிறுவனம் ஒரு சிறு திருத்தம் செய்து கேமை மறுபடி கம்பைல் செய்தால் முகவரிகள் எல்லாம் நகர்ந்துவிடும். கருவி நிற்கும், அதன் மேல் நிற்பதெல்லாம் சரியும். ஃபால்அவுட்: லண்டன் என்ற மாபெரும் மாட்டை 2024 ஏப்ரல் 23 அன்று வெளியிடுவதாக இருந்தார்கள். ஃபால்அவுட் 4-க்கு ஏப்ரல் 25-இல் அப்டேட் என்று பெதஸ்டா அறிவித்தது. மாட் தள்ளிப்போய் ஜூலை 25-இல்தான் வந்தது, அதுவும் பழைய பதிப்புக்குக் கேமை இறக்கி நிறுவும் வழியோடு.

பெதஸ்டா மாட்களுக்கு எதிரி என்று சொல்லவே முடியாது. ஆப்லிவியன் என்ற தங்கள் பழைய கேமை ஸ்கைரிம் என்ஜினில் மறுபடி கட்டும் ரசிகர் குழுவுக்கு, இந்த ஏப்ரலில் வந்த தங்கள் ஆப்லிவியன் ரீமாஸ்டர்டின் பிரதிகளை இலவசமாக அனுப்பிவைத்தார்கள். போட்டி என்று பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் கையிலும் மாட் உடைகிறது.

இதற்கு மருந்து எளிது. பாரடாக்ஸ் நிறுவனம் தன் கேம்களின் பழைய பதிப்புகளை ஸ்டீமிலேயே விட்டுவைக்கிறது. பெரிய மாட்டோடு நூறு மணி நேரம் ஆடிக்கொண்டிருப்பவர் தன் பதிப்பைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருக்கலாம். எல்லா நிறுவனமும் இதைச் செய்தால் பாதிச் சண்டை இருக்காது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன வருடம் அண்ணனின் கேமுக்கு வந்த ஒரு அப்டேட். இருவர் சேர்ந்து ஆடும் வசதியைச் சேர்த்தார்கள். சீட்டிங்கைத் தடுக்க, தொடங்கும்போதே எல்லாக் கோப்புகளையும் சோதித்து, ஒன்று மாறியிருந்தாலும் கேம் மூடிக்கொள்ளும்படி செய்தார்கள். அவர் தனியாக ஆடுகிறவர், இணையத்தைக்கூட இணைப்பதில்லை. அன்றைக்கு மட்டும் இணைத்திருந்தார். ராத்திரி போன் வந்தது. “டேய், நீ போட்டதோட கேம் திறக்கவே மாட்டேங்குது. எடுத்துட்டுத் திறந்தா எழுத்தெல்லாம் மறுபடி எறும்பாயிடுச்சு.” ஆறாவது கடிதத்தில் நின்றிருந்தார். பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இல்லை.

ஜூலை 13

வழி உண்டு, இப்படி இப்படிச் செய்யலாம் என்று அந்தச் சோதனையைத் தாண்டும் முறையை எழுதியிருக்கும் நண்பருக்கு நன்றி. செய்ய மாட்டேன். தனக்கென்று தன் கணினியில் செய்துகொள்கிறவரைக் குறை சொல்லவில்லை. அதே முறையைச் சீட் செய்கிறவரும் எடுத்துக்கொள்வார், சேர்ந்து ஆடும் வசதியை நம்பி வாங்கியவர்களின் ஆட்டம் கெடும். ஜூன் 14-இல் எழுதியதை எனக்காக மட்டும் தளர்த்திக்கொள்ள முடியாது.

ஜூலை 29, இரவு

இன்று காலை அந்தக் கேமுக்குப் புது அப்டேட். குறிப்பில் ஒரே வரி: வசனங்களுக்கு எழுத்தளவுத் தேர்வு சேர்க்கப்பட்டுள்ளது. நான்கு அளவுகள். பெரியது, என் மாட்டின் நடு அளவுக்கு வருகிறது. என் மெயில்களை யாராவது பார்த்தார்களா, எங்கள் எல்லாருடைய மெயில்களையும் பார்த்தார்களா, தெரியாது. கோபம் கொஞ்சமும் இல்லை. உடனே அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். பேச்சு எல்லாம் நன்றாகத் தெரிகிறதாம். கடிதங்கள் மட்டும் அப்படியே. ‘வசனங்களுக்கு’ என்றால் வசனங்களுக்கு மட்டும்தான்.

சாயங்காலம் முழுக்கக் கோப்புறைகளைத் துருவினேன். எழுத்துருவும் லேஅவுட்டும் இருக்கும் கோப்புறை மட்டும் அந்தத் தொடக்கச் சோதனையின் பட்டியலில் இப்போது இல்லை. வேண்டுமென்றே விட்டார்களா, மறந்துவிட்டார்களா என்று குறிப்பில் ஒரு சொல் கிடையாது. மறுபடியும் மௌனம். இந்தத் தடவை நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கிரிப்ட்டை இணைத்து, எந்தக் கோப்பையும் பகிரவில்லை, எழுத்துரு தாராள உரிமம் உடையது, கடிதப் பக்கங்களை மட்டும் தொடுகிறது, இதை வெளியிடலாமா என்று கேட்டு நான்காவது மெயிலைப் போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை பொதுவில் போட மாட்டேன். கேட்டு எழுதிய எல்லாரும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனின் கணினியில் மட்டும் போட்டுக் கொடுத்தேன். கேம் திறந்தது. ஆறாவது கடிதத்தைப் போனிலேயே எனக்கு முழுசாக வாசித்துக் காட்டினார், நடுவில் ஒரு இடத்தில் கூட நிற்கவில்லை. ஏழாவது எந்தப் பெட்டியில் இருக்கும் என்று கேட்டார். சொல்லவில்லை, தேடட்டும்.